பொறியாளரின் கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

திண்டுக்கல் மாவட்டம் எரியோடு பேரூராட்சியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டுமானத்தில் இருக்கிறது. நூற்பாலை வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், வெளியூர் சென்ற பிள்ளைகள் அனுப்பும் பணமும், நிலத்தை விற்று வந்த பணமும் கடைசியில் கம்பியாகவும் சிமென்ட்டாகவும் மாறுகின்றன. ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடுதான். அந்தச் செலவுக்கான பாதுகாப்போ ஒரு வரைபடத்தையும் அதைத் தயாரித்தவரின் அறிவையும் நேர்மையையும் நம்பியிருக்கிறது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையை அறிமுகப்படுத்தியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு, அலுவலர்களின் முன் ஆய்வு இல்லாமல் ஒற்றைச்சாளர இணையதளம் வழியாக உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு மனை வைத்திருப்போர் அலுவலகப் படிகளில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த நிலை மாறியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், அலுவலரின் கண் விலகும் இடத்தில் பொறியாளரின் கை கூடுதல் சுமையை ஏற்கிறது. அந்தக் கை தவறினால் யாரிடம் முறையிடுவது?

மருத்துவர் தவறினால் மருத்துவ ஆணையமும் மாநில மருத்துவக் கவுன்சிலும் இருக்கின்றன. வழக்குரைஞருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பார் கவுன்சில் உண்டு. பட்டயக் கணக்காளருக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டடக் கலைஞருக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம். பொறியாளருக்கு மட்டும் நாடு தழுவிய அளவில் அப்படியொரு சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்ற வகைப்பாடுகள் உள்ளன. எனினும் அது கட்டட அனுமதிக்கான பதிவே தவிர, ஒரு தொழில் தன்னைத்தானே ஆண்டுகொள்வதற்கான ஏற்பாடு ஆகாது.

இந்த இடைவெளியை நிரப்பவே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2025-இல் தொழில்முறைப் பொறியாளர்கள் மசோதாவின் வரைவை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பொறியாளர்களைப் பதிவு செய்யவும், நெறிமுறை வகுக்கவும், மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கவும் தேசிய அளவில் ஒரு கவுன்சில் வேண்டும் என்பது அதன் சாரம். கவுன்சில் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றியே விவாதங்கள் நடக்கின்றன. கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது. பொறியாளர்கள் தங்களுக்கென்று ஏற்கெனவே நடத்திவரும் அமைப்புகள் எப்படி ஆளப்படுகின்றன? ஏனெனில், நாளை அமையவிருக்கும் கவுன்சிலின் நாற்காலிகளில் அமரப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த அமைப்புகளில் பழகி வந்தவர்களாகவே இருப்பார்கள்.

இவற்றில் மூத்தது, ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்’ என்று அறியப்படும் இந்தியப் பொறியாளர் நிறுவனம். அது பிறந்த பதிவேடு சென்னையில் இருந்தது என்பது நம்மில் பலருக்கும் தெரியாது. 1920-இல் அன்றைய கம்பெனிச் சட்டத்தின் கீழ் சென்னையில் பதிவு செய்யப்பட்டு, 1921 பிப்ரவரியில் கொல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபுவால் தொடக்கி வைக்கப்பட்டது. இந்தியத் தொழில் ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஹாலண்ட் அதன் முதல் தலைவர். 1935-இல் அரச சாசனம் கிடைத்தது. லண்டன் கட்டடப் பொறியாளர் நிறுவனம் 1818-இல் தோன்றி 1828-இல் சாசனம் பெற்ற வழியையே இதுவும் பின்பற்றியது.

சாசனம் பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்பதன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது. ஆண்டு முடிவில் மிஞ்சும் பணத்தை யாரும் பங்கிட்டுக்கொள்ள முடியாது. அமைப்பின் நோக்கத்துக்கே அதைச் செலவிட வேண்டும். உரிமையாளர் இல்லாத அமைப்பில் கேள்வி கேட்கும் உரிமை முழுவதும் உறுப்பினர்களிடமே இருக்கிறது. உறுப்பினர் கேட்காவிட்டால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. தனியார் நிறுவனத்தில் பங்கு விலை சரிந்தாலாவது ஒருவர் எழுந்து நிற்பார். இங்கே சரிவதற்கு எந்த விலையும் இல்லை.

இந்தியப் பொறியாளர் நிறுவனத்தில் ஃபெல்லோ, உறுப்பினர், இணை உறுப்பினர் என்ற படிநிலைகள் உண்டு. கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல், சுரங்கம், ஜவுளி என 15 துறைப் பிரிவுகள் இயங்குகின்றன. மாநிலங்களில் மாநில மையங்களும், மதுரை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் உள்ளூர் மையங்களும் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் மேலே கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆட்சிமன்றம் இருக்கிறது. தலைவரை அந்த ஆட்சிமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது, பதவிக்காலம் ஓராண்டு. சாசனம், துணைவிதி, ஒழுங்குமுறை என்று மூன்றடுக்கு எழுத்து விதிகள் உண்டு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கட்டமைப்பு இது.

இருந்தும், எரியோட்டிலோ வேடசந்தூரிலோ தொழில் செய்யும் ஓர் இணை உறுப்பினரின் இடத்திலிருந்து பார்த்தால் காட்சி வேறாக இருக்கும். அவருடைய வாக்கு முதலில் ஒரு துறைப் பிரிவுக்கோ மையத்துக்கோ செல்கிறது, அங்கிருந்து ஆட்சிமன்றத்துக்கு, ஆட்சிமன்றத்திலிருந்து தலைவருக்கு. இடையில் இத்தனை படிகள் இருக்கும்போது, தான் அளித்த வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர் உணர்வதற்கு வழியில்லை. ஓராண்டுத் தலைமை என்பதும் இருமுனைக் கத்தியே. ஒருவரே அதிகாரத்தில் நிலைபெறுவதை அது தடுக்கிறது. அதே சமயம், வந்தவர் கோப்புகளைப் படித்து முடிப்பதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. அப்போது நிரந்தரமாக இருக்கும் செயலகத்தின் கைதான் ஓங்கும். இது பொறியாளர் அமைப்புகளுக்கு மட்டும் உரிய குணம் அன்று. ஆண்டுக்கு ஒரு தலைவரை மாற்றும் எந்தச் சங்கத்திலும் காணக்கூடியது.

இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பொதுத்தொண்டு, என் கருத்தில், அது நடத்திய தேர்வுதான். 1928 முதல் நடந்துவந்த ஏ.எம்.ஐ.இ. தேர்வு, கல்லூரிக்குச் செல்ல வசதியற்றவர்களுக்குப் பொறியியல் பட்டத்துக்கு நிகரான தகுதியைப் பெறும் வழியாக இருந்தது. பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்துப் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே ஆலைக்கோ பொதுப்பணித் துறைக்கோ மின்வாரியத்துக்கோ வேலைக்குச் சென்ற இளைஞர்கள், இரவில் படித்து இத்தேர்வின் இரண்டு பிரிவுகளையும் எழுதித் தேறி, உதவிப் பொறியாளராகவும் அதற்கு மேலும் உயர்ந்திருக்கிறார்கள். நூற்பாலைகள் சூழ்ந்த வேடசந்தூர் வட்டாரம் போன்ற பகுதிகளில் அந்தச் சான்றிதழின் அருமை தெரியும். நான்கைந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். வகுப்பறை கிடையாது, ஆசிரியர் கிடையாது. தேறியவருக்கு யாரும் இனாமாக மதிப்பெண் போடவில்லை என்பது மட்டும் உறுதி.

அந்த ஏணி 2013-இல் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே பட்டத்துக்கு இணையான தகுதி செல்லும் என்று மத்திய அரசு வரையறுத்தது. இதேபோன்ற இன்னொரு பொறியியல் அமைப்பின் வழக்கில் 2019-இல் உச்சநீதிமன்றமும் அந்த எல்லைக் கோட்டை ஏற்றுக்கொண்டது. ஆய்வகப் பயிற்சி இல்லாமல் பட்டத்துக்கு நிகரான தகுதி தரலாமா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், நான் இங்கே சொல்ல வருவது அதன் இன்னொரு விளைவைப் பற்றி. தேர்வுக்காகவே உறுப்பினரானவர்கள் ஏராளம். அவர்களுக்கு அமைப்பு என்பது சான்றிதழ் தரும் அலுவலகம். தாங்கள் ஆள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் எழுந்ததே இல்லை. தேர்வின் மதிப்பு போனபின், அமைப்பு தன் உறுப்பினருக்கு எதைத் தரும், சமூகத்துக்கு எதைத் தரும் என்ற கேள்வி பட்டவர்த்தனமாக நிற்கிறது. ‘பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நான்கு எழுத்து’ என்ற பதில் போதாது.

இனி, நம் அருகில் இருக்கும் சிறு சங்கங்களுக்கு வருவோம். தமிழகத்தின் பல வட்டத் தலைநகரங்களில் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் உள்ளன. பெரும்பாலும் இவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு பெற்றவை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். குறைந்தது மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு வேண்டும். அதன் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். இதைக்கூட ஒழுங்காகச் செய்யும் சங்கம் நல்ல சங்கம்.

இச்சங்கங்கள் நன்மையே செய்வதில்லை என்று சொல்வது அநியாயம். மணல் தட்டுப்பாடு வந்தபோதும், அனுமதி இணையதளம் முடங்கியபோதும், விதிகள் மாறியபோதும் உறுப்பினர்களுக்கு விவரம் சொல்லிக் கொடுத்தவை இவையே. செப்டம்பர் 15-ஆம் நாளில் விசுவேசுவரய்யாவின் பிறந்தநாளைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுவதும் இவைதான். ஆனால், மாதக் கூட்டத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் சிமென்ட் நிறுவனம், மறுமாதம் கம்பி வியாபாரி, அடுத்த மாதம் ஓடுகள் விற்பவர். இரவு உணவும் நாட்காட்டியும் அன்பளிப்புப் பையும் அவர்கள் கைங்கரியம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர், ‘எந்தக் கம்பி வாங்கலாம், சார்?’ என்று கேட்கும்போது, நேற்றைய விருந்து எவ்வளவு தூரம் பேசும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள், அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்துக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லது. கொதிகலன்களுக்கான தரவிதிகளை வகுப்பது அச்சங்கம். சம்பளம் பெறாத தன்னார்வலர்களே அதன் குழுக்களில் அமர்ந்து விதிகளுக்கு விளக்கம் தருகிறார்கள். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவியை ஹைட்ரோலெவல் என்ற சிறிய நிறுவனம் புதிய முறையில் தயாரித்தது. அந்தச் சந்தையைத் தன் கையில் வைத்திருந்த போட்டி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், சங்கத்தின் துணைக்குழுவிலும் பொறுப்பில் இருந்தார். 1971-இல், புதிய கருவி விதிக்கு உட்பட்டதா என்று கேட்டுத் தன் நிறுவனத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் செல்வதற்கும், அதற்குப் பாதகமான பதில் கிடைப்பதற்கும் அவர் வழிசெய்தார். சங்கத்தின் முகவரித்தாளில் வந்த அந்தப் பதிலை விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் காட்டினர். ஹைட்ரோலெவல் நொடித்தது.

1982-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சங்கத்தையே பொறுப்பாக்கியது. ‘எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு இதில் லாபமும் இல்லை, நாங்கள் லாப நோக்கற்றவர்கள்’ என்ற வாதம் எடுபடவில்லை. தன் பெயரையும் மதிப்பையும் பயன்படுத்தும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுத்த அமைப்பு, அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டது என்பது தீர்ப்பின் உட்பொருள். சிறு கடிதம் ஒன்றுதான். அதை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்று கேட்க அமைப்புக்குள் ஆள் இல்லாமல் போயிற்று. நம்மூர்ச் சங்கங்களில் எத்தனையில், நிர்வாகி ஒருவர் தம் வணிகத் தொடர்புகளை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது?

தொழில்சார் அமைப்பு செய்ய வேண்டிய இன்னொரு வேலை, தோல்வியிலிருந்து கற்பது. இதற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. எங்கள் வேடசந்தூர் பகுதியிலேயே அழகாபுரியில் குடகனாறு அணை இருக்கிறது. 1977-இல் கட்டி முடித்த அதே ஆண்டில் அந்த மண் அணை வெள்ளத்தில் உடைந்தது. அணைத் தோல்விகளைப் பற்றிய பொறியியல் நூல்களில் இது இடம்பெற்றிருக்கிறது. ஐந்து மதகுக் கதவுகள் இருந்தன. வெள்ளம் வந்தபோது மின்சாரம் தடைப்பட்டதால் அவற்றைப் பாதியளவே தூக்க முடிந்தது. மாற்று ஜெனரேட்டரை இயக்கினார்கள், கைகொடுக்கவில்லை. பிறகு ஆட்களே கையால் தூக்க முயன்றார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி, பல இடங்களில் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

பணியில் இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள் என்பதை அந்த விவரமே காட்டுகிறது. குறை, மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கேள்வியை வடிவமைப்பு மேசையில் எவ்வளவு தீவிரமாகக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. ஆனால், அதன் கரையோரத்தில் வளர்ந்து பொறியியல் படித்த தலைமுறைக்கு, இந்த வரலாற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்த பொறியாளர் அமைப்பு ஒன்றை நான் கண்டதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோதும், அரசு அமைத்த நீதிபதி ரெகுபதி ஆணையம்தான் விசாரித்தது. அது அரசின் கடமை. தவறு எங்கே நேர்ந்தது, இனி ஒவ்வொரு பொறியாளரும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தொழிலுக்குள்ளேயே பேசுவது யாருடைய கடமை?

இப்படிப் பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. உறுப்பினரின் நலனைக் காப்பதும், உறுப்பினரிடமிருந்து பொதுமக்களைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே குழுவிடம் கொடுத்தால், முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடும். வாக்குக் கேட்டு வந்தவர், வாக்களித்தவரின் பெயரை எப்படிப் பதிவேட்டிலிருந்து நீக்குவார்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதை உணர்ந்து, 2000-இல் பொறியாளர்களின் நலனுக்கென்று தனிச் சங்கத்தை உருவாக்கி, உரிமம் வழங்கும் அமைப்பை அதிலிருந்து பிரித்தார்கள். உரிமம் வழங்கும் அமைப்பின் மன்றத்தில் பொறியாளர் அல்லாத பொதுமக்களின் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். பக்கத்து மாநிலமான கியூபெக்கில், பொறியாளர்களின் சட்டப்பூர்வ அமைப்பே சரியாக ஆளப்படவில்லை என்று சொல்லி 2016-இல் அரசு அதைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. ஆக, சட்டம் போட்டுக் கவுன்சில் அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கனவுதான்.

கனடா வரை போவானேன்? இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி அமைந்து, தேர்தல் நடத்தி, உறுப்பினர்களால் ஆளப்பட்டதுதான். 2010-இல் அது கலைக்கப்பட்டது. மீண்டும் 2018-இல் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. பட்டயக் கணக்காளர்களின் தவறுகளைச் சக கணக்காளர்களே விசாரிப்பது போதாது என்று கருதியே, சத்யம் நிறுவன மோசடிக்குப் பின்னான சட்டத் திருத்தங்களின் தொடர்ச்சியாக, 2018-இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர்களுக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்தப் பட்டப்பெயரை மட்டுமே காக்கிறது, அந்தப் பணியைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பொறியாளர் மசோதாவை எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

எனக்குப் பிடித்த முன்னுதாரணம் இலங்கையில் இருக்கிறது. அங்குள்ள பொறியாளர் நிறுவனம் 1906-இல் சங்கமாகத் தோன்றி, 1968-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 2017-இல் பொறியியல் கவுன்சிலுக்கென்று தனிச் சட்டம் வந்தபோது, பதிவு செய்யும் வேலை கவுன்சிலிடம் சென்றது. அறிவை வளர்ப்பதும் தொழிலுக்காகக் குரல் கொடுப்பதும் நிறுவனத்திடம் நின்றன. அந்நாட்டுச் சட்டத்தில் பட்டதாரிகள் மட்டுமல்லாமல் பட்டயதாரிகளும் தொழில்நுட்பவியலாளர்களும்கூடத் தத்தமக்குரிய வகையில் பதிவு செய்யப்படுகிறார்கள்.

இந்தக் கடைசி அம்சம் நமக்கு மிகவும் முக்கியம். எரியோடு போன்ற ஊர்களில் வீட்டு வரைபடம் போடுவோரில் கணிசமானவர்கள் பட்டயப் பொறியாளர்கள். பட்டதாரிகளை மட்டும் உள்ளே விட்டுக் கதவை மூடினால், இவர்கள் தொழிலை விட்டுவிடப் போவதில்லை. இன்னொருவரின் கையெழுத்தை வாடகைக்கு வாங்குவார்கள். கட்டடத்தைப் பார்க்காமலே கையெழுத்திடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சட்டம் அதற்கு ஒரு சந்தையையும் உருவாக்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஏ.எம்.ஐ.இ. ஏணி எடுக்கப்பட்ட இடத்தில், அனுபவத்தையும் தேர்வையும் இணைத்து மேலே வரும் ஒரு வழியை வரைவு கட்டாயம் தர வேண்டும். தேர்வு நடத்திய நெடுங்கால அனுபவம் இந்தியப் பொறியாளர் நிறுவனத்திடம் இருக்கிறது. அதை வீணாக்குவது அறிவுடைமை ஆகாது.

ஆட்சிமன்றத் தேர்தலை நேரடி இணைய வாக்கெடுப்பாக மாற்றுவதும், பெருநகரங்களுக்கு வெளியே பணிபுரிவோருக்கென்று சில இடங்களை ஒதுக்குவதும் இன்று கடினமான காரியங்கள் அல்ல. நிர்வாகிகளின் வணிகத் தொடர்புகளை ஆண்டுதோறும் வெளியிடுவதற்குச் செலவே கிடையாது. மாவட்ட, வட்டச் சங்கங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்காமல், அடுத்த பொதுக்குழுவிலேயே இதற்கான துணைவிதியைச் சேர்க்கலாம். கூட்டச் செலவைச் சந்தாவிலிருந்தே நடத்தலாம். உணவு எளிமையாகும், அவ்வளவுதான்.

அரசின் பக்கமும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வரைவுக்கு வந்த கருத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகே மசோதா நாடாளுமன்றத்துக்குச் செல்ல வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வீடு கட்டுவோரின் சார்பில் எத்தனை பேர் இருப்பார்கள், முறையீட்டைத் தமிழில் எழுதி அனுப்ப முடியுமா, எத்தனை நாளில் பதில் வரும், தண்டிக்கப்பட்டவரின் பெயர் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் அதன் பிரிவுகளிலேயே விடை இருக்க வேண்டும். பின்னர் வகுக்கப்படும் விதிகளுக்கு அவற்றைத் தள்ளிவிடக் கூடாது. சுயசான்று முறையில் வீடுகள் இப்போதே எழும்பிக்கொண்டிருக்கின்றன.